கணவரை ஹெலிகாப்டரில் ஏற்றிக்கொண்டு ஹட்சன் நதிமேல்

கேள்வி, அக்டோபர் 5, 2025

"ஏப்ரலில் ஹட்சன் நதியில் ஒரு சுற்றுலா ஹெலிகாப்டர் விழுந்து ஆறு பேரும் போய்விட்டார்கள். எஞ்சின் நின்றால் கல் மாதிரி விழுகிற வண்டி. சொந்தமாக லைசென்ஸ் எடுத்தவர்கள் சிலர் இதில் மனைவியையோ புருஷனையோ உட்காரவைத்து ஊர் சுற்றிக் காட்டுகிறார்கள். அன்பு இருக்கிறவர்கள் இதைச் செய்வார்களா? செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்."

அக்டோபர் 5, இரவு

நான் செய்திருக்கிறேன், போன மாதம்தான். அதனால் எழுதுகிறேன்.

நியூ ஜெர்சியில் இருக்கிறோம். 41 வயதில் ஹெலிகாப்டர் ஓட்டக் கற்க ஆரம்பித்தேன். சட்டப்படி குறைந்தது 40 மணி நேரம் பறந்திருந்தால் தனியார் உரிமத் தேர்வுக்குப் போகலாம். எனக்கு 71 மணி நேரம் ஆனது. ஓட்டுவது ராபின்சன் ஆர்-44, நான்கு பேர் உட்காரலாம், பறக்கும் பயிற்சிப் பள்ளியிலிருந்து மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பது.

கல் மாதிரி விழாது. சின்ன வயதில் பனையோலைக் காற்றாடியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினால் தானாகச் சுற்றுமே, அதேதான். எஞ்சின் நின்றதும் இடது கையிலிருக்கும் காலெக்டிவ் என்ற நெம்புகோலைக் கீழே தள்ளினால் இறக்கைகளின் சாய்வு குறையும், இறங்கும்போது கீழிருந்து மேலே போகிற காற்றே அந்த இறக்கைகள் சேர்ந்த ரோட்டரைச் சுற்றவைக்கும். அந்தச் சுழற்சியில் சேர்ந்திருக்கும் சக்தியைத் தரைக்குப் பக்கத்தில் செலவழித்து மெதுவாக இறங்கலாம். ஆட்டோரொட்டேஷன் என்று பெயர். இது தெரியாமல் யாருக்கும் உரிமம் கிடையாது. ஆர்-44 கையேட்டின்படி சரியான வேகத்தில் 1,300 அடி உயரத்துக்கு ஒரு கடல் மைல் தூரம் மிதந்து போகலாம். ஹட்சன் அவ்வளவு அகலமில்லை, எந்த இடத்தில் நின்றாலும் கரைக்கு வந்துவிடலாம். ஒரே நிபந்தனை, கை உடனே கீழே போகவேண்டும். யோசிக்க ஓரிரு நொடிதான்.

எங்கள் பயணம் ஒரு சனிக்கிழமை காலை. வடக்கே ஆல்பைன் கோபுரம்வரை போய் நதியைப் பிடித்தோம். எஃப்.எம். வானொலியைக் கண்டுபிடித்த எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1930-களில் செங்குத்துப் பாறைகளின் உச்சியில் எழுப்பிய கோபுரம் அது, இப்போது விமானிகளுக்கு அடையாளம். அங்கிருந்து தெற்கே போனால் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம். அதன் கோபுரங்கள் 604 அடி, நாங்கள் 1,100 அடியில், பாலத்தில் கார்கள் எறும்பு வரிசையாகத் தெரிந்தன. அப்புறம் இன்ட்ரெபிட், விமானந்தாங்கிக் கப்பலை அருங்காட்சியகமாக்கி நிறுத்தியிருக்கிறார்கள், பக்கத்தில் ஒரு கான்கார்ட் விமானமும் உண்டு. பிறகு அந்தப் பெரிய கட்டடம், ஒன் வேர்ல்ட் டிரேட் சென்டர். 1,776 அடி. நான் பறந்துகொண்டிருக்கிறேன், ஆனாலும் அதன் உச்சியைப் பார்க்கத் தலையை நிமிர்த்தவேண்டியிருந்தது. எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் அந்த ஒரு கணம் எனக்குத் தொண்டையை அடைக்கிறது. கடைசியில் சுதந்திரதேவி சிலை, அதைச் சுற்றித் திரும்பி வந்தோம்.

இவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. வழியெல்லாம் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டே வந்தார். "ஏங்க, எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "நல்லாயிருக்கு" என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பொருட்காட்சி ராட்டினத்தில்கூட ஏறாத மனிதர்.

அக்டோபர் 6

நேற்று எழுதியதில் ஒன்றைத் திருத்தவேண்டும். "எந்த இடத்தில் நின்றாலும் கரைக்கு வந்துவிடலாம்" என்று எழுதியிருந்தேன். ஒருவர் கேட்டிருக்கிறார்: "கரையில் எங்கே இறங்குவாய்? இரண்டு பக்கமும் கட்டடமும் படகுத்துறையும்தானே?" சரியான கேள்வி. கரையை எட்டுவது வேறு, இறங்க இடம் இருப்பது வேறு. மன்ஹாட்டன் பக்கம் சில இடங்களில் திறந்த துறைமேடைகளும் ஹெலிகாப்டர் தளங்களும் உண்டு, சில இடங்களில் ஒன்றுமே இல்லை. அங்கே நதிதான் ஓடுதளம். அதனால்தான் இரண்டு பேரும் இடுப்பில் உயிர்காப்பு உறை கட்டிக்கொண்டு போனோம். வண்டிக்குள் இருக்கும்போது அதை ஊதக்கூடாது, வெளியே வந்த பிறகுதான் ஊதவேண்டும், உள்ளே ஊதினால் கதவு வழியாக வெளியே வரமுடியாமல் கூரையோடு ஒட்டிக்கொள்வோம். இதைக் கிளம்பும் முன் இவரை மூன்று தடவை திருப்பிச் சொல்லவைத்தேன்.

அந்த மூன்று தடவை யாருக்கும் பயத்தைக் கிளப்பலாம் என்று இப்போது தோன்றுகிறது. சொல்லாமலும் இருக்கமுடியாது.

அக்டோபர் 6, பின்னிரவு

ஏப்ரல் விபத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், முதல் பதிலில் அதை ஒதுக்கிவிட்டேன், அது நேர்மையில்லை. ஏப்ரல் 10 அன்று விழுந்தது பெல் 206 ரக ஹெலிகாப்டர். ஸ்பெயினிலிருந்து வந்த ஐந்து பேர் குடும்பமும் விமானியும் இறந்தார்கள், அதில் மூன்று பேர் குழந்தைகள். ரோட்டரும் அதன் கியர்பெட்டியும் வானிலேயே உடலிலிருந்து பிரிந்துவிட்டன. ஆட்டோரொட்டேஷன் என்று நேற்று நான் எழுதிய எதுவும் அதற்கு மருந்தில்லை. சுற்ற ரோட்டர் இருந்தால்தானே.

அந்தக் குடும்பத்தின் படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு வாரம் நான் பறக்கவில்லை. மறுபடி போனபோது பறப்பதற்கு முன் செய்யும் சோதனையில் ரோட்டர் தலைப்பகுதியில் நிற்கிற நேரம் மட்டும் இரட்டிப்பாகிவிட்டது. ஏணியில் ஏறி ஒவ்வொரு போல்ட்டையும் அதன் பூட்டையும் தொட்டுப் பார்ப்பேன். ஒரு பைலட் கண்ணால் பிடிக்கமுடியாத விரிசல்களும் உண்டு, அது எனக்குத் தெரியும்.

அக்டோபர் 8

"வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டு அத்தனை ஹெலிகாப்டர்களும் எப்படி இடிக்காமல் போகின்றன?" என்று இன்னொருவர்.

இடித்திருக்கின்றன. 2009 ஆகஸ்ட் 8 அன்று ஒரு சிறிய பைப்பர் விமானமும் ஒரு சுற்றுலா ஹெலிகாப்டரும் இதே நதிக்கு மேல் மோதின, ஒன்பது பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் இப்போதுள்ள கட்டாய விதிகள் வந்தன. 1,300 அடிக்குக் கீழே நதியோடு போகிறவர்கள் எல்லாரும் 123.05 அலைவரிசையில் தங்கள் இடத்தைச் சொல்லிக்கொண்டே போகவேண்டும். குறிப்பிட்ட அடையாளங்கள் உண்டு: ஆல்பைன், பாலம், இன்ட்ரெபிட், சிலை, வெரஸானோ பாலம். தெற்கே போகிறவர்கள் நியூ ஜெர்சி கரையோரம், வடக்கே போகிறவர்கள் மன்ஹாட்டன் கரையோரம். கடந்துபோகிறவர்கள் 1,000 அடிக்கு மேல், அங்கேயே சுற்றுகிறவர்கள் அதற்குக் கீழே. வேகம் மணிக்கு 140 கடல் மைலுக்கு மேல் கூடாது, விளக்குகள் எரியவேண்டும். கட்டுப்பாட்டு அதிகாரி யாரும் நம்மைப் பிரித்துவிடமாட்டார், ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டுத்தான் விலகிக்கொள்கிறோம்.

"ஹட்சன் டிராஃபிக், ராபின்சன் ஹெலிகாப்டர், ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், தெற்கு நோக்கி, 1,100 அடி" என்று சொல்லிவிட்டு, வருகிற பதில்களை மனதுக்குள் படமாக வரைந்துகொள்ளவேண்டும். யாங்கி ஸ்டேடியத்தில் ஆட்டம் இருந்தால் ஒரு மணி நேரம் முன்னாலிருந்து ஒரு மணி நேரம் பின்னால்வரை சுற்றிலும் மூன்று மைலுக்குத் தடை, பாலம் இருக்கும் பகுதி அதில் மாட்டிக்கொள்ளும். செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபை கூடும்போது தலைவர்களுக்காக வேறு தடைகள். எங்கள் முதல் தேதி அப்படித்தான் தள்ளிப்போனது.

அக்டோபர் 8, இரவு

சிலைக்கு நேரே அந்தரத்தில் நிறுத்திப் படம் எடுக்கலாமே, ஹெலிகாப்டர்தானே என்று கேட்பவர்களுக்கு: நான் நிறுத்தமாட்டேன். உயரத்தில், முன்வேகம் இல்லாமல் நிற்கும்போது எஞ்சின் நின்றால் மேலே சொன்ன காற்றாடி வேலைக்கு வேண்டிய வேகமும் இருக்காது, உயரமும் போதாமல் போகலாம். பின்காற்று அடித்தால் தன் சொந்தக் கீழ்க்காற்றிலேயே வண்டி அமுங்கத் தொடங்கும். படம் எடுக்கப் போகிற பறத்தல்கள் ஆபத்து அதிகமானவை என்று ராபின்சன் நிறுவனமே தனி எச்சரிக்கைக் குறிப்பு போட்டிருக்கிறது. மணிக்கு 60 கடல் மைலுக்குக் குறையாமல் பெரிய வட்டம், அவ்வளவுதான்.

கதவையும் கழற்றமாட்டேன். 2018 மார்ச்சில் கிழக்கு நதியில் கதவில்லாமல் பறந்த ஹெலிகாப்டரில், ஒரு பயணியைக் கட்டியிருந்த வார் தரையிலிருந்த எரிபொருள் நிறுத்து நெம்புகோலில் மாட்டி எஞ்சின் அணைந்துவிட்டது. மிதவைகள் முழுதாக விரியாமல் வண்டி கவிழ்ந்தது. விமானி தப்பினார், வாரில் கட்டியிருந்த ஐந்து பயணிகளும் மூழ்கிப்போனார்கள். அதைப் படித்தவளால் சும்மா ஒரு நல்ல படத்துக்காகக் கதவில் கை வைக்கமுடியாது.

இன்னொன்று. சினிமாவில் வருகிற மாதிரி மேலே ஏற்றிச் சட்டென்று மூக்கைக் கீழே குத்தி வயிற்றைக் கூசவைப்பது. ஆர்-44 மாதிரி இரண்டு இறக்கை ரோட்டரில் அந்த எடையற்ற நிலை உயிரைக் குடிக்கும். ரோட்டரின் பிடி போய்விடும், வால் ரோட்டர் வண்டியை வலது பக்கம் உருட்டும், கை தன்னையறியாமல் இடது பக்கம் போகும், ரோட்டர் தலை அச்சில் இடித்து அச்சே அறுந்துபோகும். வலது கையிலிருக்கும் சைக்ளிக் என்ற கைப்பிடியை மெதுவாகப் பின்னுக்கு இழுத்து முதலில் எடையைத் திரும்பக் கொண்டுவருவதுதான் வழி. இதற்காகவே 1995-ல் அமெரிக்காவில் ராபின்சன் ஓட்டுபவர்களுக்கென்று தனி விதி வந்தது. வேடிக்கைக்காகக்கூட யாரும் இதைச் செய்யவேண்டாம்.

அக்டோபர் 11

இவர் இந்த இழையைப் படித்துவிட்டார்.

இரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "எனக்கு ரொம்பப் பிடித்துப்போனதா?" என்று கேட்டார். கோபமில்லை, சும்மா கேட்டார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் மெதுவாகச் சொன்னார். பாலத்தைத் தாண்டியதிலிருந்தே உள்ளங்கை வியர்த்துவிட்டதாம். இருக்கையின் விளிம்பைப் பிடித்தபடியே சிலைவரை வந்தாராம். சிலையைச் சுற்றும்போது நான் இடது பக்கம் சாய்த்துத் திரும்பினேன், அவர் உட்கார்ந்திருந்ததும் இடது பக்கம், கதவுக் கண்ணாடிக்கு நேர் கீழே தண்ணீர். கதவில் தன் எடை சாய்ந்தால் திறந்துகொள்ளுமோ என்று பயந்து உடம்பை என் பக்கம் வளைத்து வைத்திருந்தாராம். நான் அதைச் சிலையைப் பார்க்க எட்டுகிறார் என்று நினைத்தேன்.

"ஏன் சொல்லவில்லை?" என்றேன்.

"நீதானே ரேடியோவில் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்றாய். நீ பேசிக்கொண்டேதான் இருந்தாய்."

உண்மை. ஒரு நிமிடத்துக்கு ஒரு அழைப்பு என்று பேசிக்கொண்டே இருந்தேன், நடுவில் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கிளம்பும் முன் நான் சொன்ன பாதுகாப்புப் பாடத்தில் "பேசக்கூடாது" இருந்தது, "பயமாக இருந்தால் இப்படிச் சொல்லுங்கள்" இல்லை. வெளியேறும் வழியை மூன்று தடவை சொல்லிக்கொடுத்தேன், திரும்பிப் போகலாம் என்று கேட்கும் வழியை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அப்போ அந்த "நல்லாயிருக்கு"? "இரண்டு வருஷம் நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்லுவேன்" என்றார்.

16 வருஷம் ஒன்றாக இருக்கிற மனிதரின் மௌனத்தை நான் சந்தோஷம் என்று வாசித்து, அதை ஊருக்கு எழுதியும் போட்டேன். முதல் பதிலில் உள்ள அந்த வரியை அழிக்கப் போவதில்லை. அது அப்படியே இருக்கட்டும், கீழே இதுவும் இருக்கட்டும்.

அக்டோபர் 12

தூக்கம் வரவில்லை, இன்னும் கொஞ்சம்.

காற்று, எரிபொருள், எடை, வான்தடை எல்லாம் பார்த்தேன். எடையை எவ்வளவு கவனமாகப் பார்த்தேன் என்றால், முன்னால் இரண்டு பேர் மட்டும் உட்காரும்போது எரிபொருள் தீரத் தீரச் சமநிலை முன்பக்கம் நகரும் என்பதால் கிளம்பும்போது ஒரு கணக்கு, இறங்கும்போது ஒரு கணக்கு போட்டேன். அவர் பக்கத்துக் கட்டுப்பாடுகளையும் ராபின்சன் சொல்கிறபடி கழற்றிவைத்தேன். அவரைக் கணக்கில் சேர்த்தது பவுண்டில் மட்டும்தான்.

இருக்கை விஷயமும் அப்படித்தான். ஹெலிகாப்டரில் ஓட்டுபவர் வலது பக்கம். தெற்கே போகும்போது நியூ ஜெர்சி கரையோரம் போவதால் நகரம் முழுக்க இடது பக்கம், அதாவது அவர் பக்கம். திரும்பி வரும்போது மன்ஹாட்டன் கரையை ஒட்டி வடக்கே, நகரம் என் பக்கம் வந்துவிடும், அவருக்குத் தெரிவது ஜெர்சி சிட்டி, ஹோபோகன் கூரைகள். பயம் அதிகமாக இருந்த பாதியில் அவருக்குப் பார்க்க எல்லாம் இருந்தது. பயம் தணிந்த பாதியில் பார்க்க ஒன்றுமில்லை. முதலில் தெற்கே போகாமல் வடக்கே ஒரு சுற்று சுற்றிப் பழகவிட்டுப் பிறகு நகரத்துக்கு வந்திருக்கலாம். அல்லது முதல் நாள் நகரமே வேண்டாம், விமான நிலையத்தைச் சுற்றிப் பத்து நிமிடம் போதும்.

நான் கனவு கண்ட பயணத்தில் அவரை உட்காரவைத்தேன். அவர் விரும்புகிற பயணம் எது என்று கேட்கவே இல்லை.

அக்டோபர் 13

"உங்கள் கணவரை இனி விட்டுவிடுங்கள், பாவம்" என்று எழுதியவருக்கு: அவரிடம் அதையேதான் கேட்டேன். மறுபடி வருவேன், ஆனால் பாதையை நான்தான் சொல்லுவேன் என்றார்.

அக்டோபர் 19

பாதை வந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்துவைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். நகரம் வேண்டாமாம். வடக்கே, இலைகள் நிறம் மாறியிருக்கும், டாப்பன் ஸீ பாலம் தாண்டி பேர் மவுண்டன் பாலம்வரை. 1924-ல் திறந்தபோது உலகிலேயே நீளமான தொங்குபாலம் அதுதான் என்று எங்கேயோ படித்துவைத்திருக்கிறார். அதற்கு அந்தப் பக்கம் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் தடைசெய்த பகுதி வருகிறது, அதனால் பாலமே எல்லை. வழியில் மூடிக் கிடக்கிற அணுமின் நிலையத்தின் மேல் வட்டமடிக்கக்கூடாது என்பதை நான் சேர்த்தேன்.

ஒரு வார்த்தையும் முடிவு செய்தோம்: "போதும்". அவர் அதைச் சொன்னால் ரேடியோவில் யார் பேசிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, ஏன் என்று கேட்கமாட்டேன், திருப்பிவிடுவேன். பள்ளியில் நின்றுகொண்டிருந்த ஆர்-44-இல் அரை மணி நேரம் உட்காரவைத்தேன். கதவை அவரே பத்துத் தடவை திறந்து மூடினார், உள்ளேயிருந்து தோளால் தள்ளியும் பார்த்தார்.

நவம்பர் 2

போய்வந்தோம்.

நேற்றுக் காலை குளிர், காற்று லேசாக, இலைகள் பாதி உதிர்ந்தும் பாதி சிவந்தும். திருப்பம் வரும்போதெல்லாம் முன்கூட்டியே சொன்னேன்: "இப்போ இடது பக்கம் திரும்பப்போகிறேன், கொஞ்சமாகச் சாயும்." சாய்வை 15 டிகிரிக்குள் வைத்துக்கொண்டேன். வடக்கே ரேடியோ நெரிசல் குறைவு, பேச முடிந்தது. "அந்தச் சத்தம் என்ன" என்றார், காற்றுத் துளை, மூடச் சொன்னேன். "இந்த ஊசி ஏன் ஆடுகிறது" என்றார். சொன்னேன்.

டாப்பன் ஸீ தாண்டியது. நதி அகலமாக, வெள்ளி மாதிரி. தூரத்தில் மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வருவது தெரிந்தது. அந்த வளைவுக்குப் பின்னால்தான் பேர் மவுண்டன் பாலம், இன்னும் ஏழெட்டு நிமிடம் இருக்கும். மலை இடுக்கில் காற்று கொஞ்சம் குலுக்க ஆரம்பித்தது.

"போதும்."

உண்மையைச் சொல்கிறேன், நாக்கு நுனிவரை வந்தது, இன்னும் ஏழு நிமிடம்தாங்க என்று. கை மட்டும் சரியாக வேலை செய்தது. இடது பக்கம் திரும்புகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். ஏன் என்று கேட்கவில்லை.

திரும்பி வரும்போது இவர் பேச்சை நிறுத்தவே இல்லை. அந்தப் படகைப் பார், அந்த ரயிலைப் பார், நதியோரமாகவே போகிறது, நாம் அதில் ஒரு தடவை போகவேண்டும். அங்கே ஒரு வீடு, மொட்டை மாடியில் யாரோ கையாட்டுகிறார்கள் என்று அவரும் ஆட்டினார், அவர்களுக்குத் தெரிந்திருக்காது. முதல் பயணத்தில் ஒரே ஒரு வார்த்தை சொன்னவர்.

எஞ்சின் அணைத்து ரோட்டர் நிற்கும்வரை உட்கார்ந்திருந்தோம்.

நவம்பர் 4

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "அப்படியானால் கூட்டிப்போகலாம் என்கிறீர்களா?" என்கிறார். எல்லாரும் போகலாம் என்று என்னால் சொல்லமுடியாது. ஆபத்து இருக்கிறது, ஏப்ரல் மாதக் குடும்பத்தை நான் மறக்கவில்லை. நான் போவேன், அவர் வருகிறேன் என்று சொல்கிற நாட்களில், அந்த வார்த்தையோடு.

நவம்பர் 4, இரவு

இவர் இரண்டு விஷயங்களைச் சேர்க்கச் சொன்னார். ஒன்று, ராட்டினத்தில் ஏறாதவர் என்று நான் எழுதியது தவறாம், திருநெல்வேலியில் பள்ளிக்கூட நாட்களில் ஒரு தடவை ஏறியிருக்கிறாராம், இறங்கியதும் வாந்தியெடுத்தாராம்.

இரண்டாவது, முதல் பயணத்தில் அவருக்குக் கொஞ்சமாவது தைரியம் கொடுத்தது எது என்று. உயிர்காப்பு உறை இல்லை, நான் சொன்ன பாடமும் இல்லை. அவர் ஏறி உட்கார்ந்த பிறகு நான் வண்டியைச் சுற்றிவந்து, அவர் பக்கத்துக் கதவை வெளியிலிருந்து இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேனாம். எனக்கு ஞாபகமே இல்லை.